முகமும் முத்திரையும்

நம்மில் பள்ளிக்கூடம் முடித்து வந்தவர்களுக்கெல்லாம் ஒரு விசித்திரமான அனுபவம் உண்டு. இறுதிப் பரீட்சைக்கு முன்னால் வாத்தியார் ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் தேகத்தில் மச்சமும் தழும்பும் தேடுவார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் உண்டே, அதை நிரப்ப வேண்டும்! மச்சம் அகப்படாத பையன் திருதிருவென்று விழிப்பான். கடைசியில், எப்போதோ மாமரத்திலிருந்து விழுந்து முழங்காலில் பட்ட காயம் அவனைக் காப்பாற்றும். அன்றைக்கு அடி வாங்கிக் கொடுத்த அதே மாமரம், ஆயுள் முழுவதற்கும் அவனுக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும்.

மனிதனை அடையாளம் கண்டுகொள்வதற்கு அரசாங்கங்கள் கையாண்ட பழைய வழி இதுதான். புதிய வழி புகைப்படம். இன்று குடியுரிமைக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பம் செய்கிறவர்கள் அந்தப் படத்துக்காகப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தேசத்துக்கு 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் வேண்டும். இன்னொரு தேசத்துக்கு இரண்டு அங்குலச் சதுரம். கனடாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு 50-க்கு 70. அதிலும் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை 31 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 36-க்கு மேற்படவும் கூடாது. சிரிக்கக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது, நிழல் விழக் கூடாது. ராயபுரத்திலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் உள்ள ஸ்டூடியோக்காரர்கள், "கொஞ்சம் சிரியுங்கள் சார்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள், இப்போது "சிரிக்காதீர்கள் சார்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் கண்டு நாம் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் இந்த நிபந்தனைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதுவும் சந்தோஷமான பங்கு அல்ல.

சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கட்டப்படாத காலம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில்தான் மனிதர்களும் மூட்டைகளும் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போனவர்களில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புறப்பட்ட ஏழை ஜனங்கள் ஏராளம். 1834-லிருந்து மொரீஷியஸ் தீவுக்கு இப்படி ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறக்கியது.

இந்தக் கப்பல்களின் ஜாபிதாக்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், கடைசியில் அங்க அடையாளம். நெற்றியில் தழும்பு, மார்பில் மச்சம் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டே போயிருப்பார். பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஊரை வாய்க்கு வந்தபடி எழுதினார். அந்த எழுத்துக்களை வைத்துக்கொண்டு தங்கள் பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள். தழும்பு ஒன்றுதான் பிழையில்லாமல் பதிந்தது.

மொரீஷியஸ் சர்க்காருக்கு விரைவிலேயே தழும்பு போதவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த கூலி, மறுபடியும் தோட்டத்துக்குப் போகாமல் சொந்தமாகக் காய்கறி பயிரிடவோ, கடை வைக்கவோ ஆரம்பித்தால் தோட்ட முதலாளிகளின் கதி என்ன ஆவது? ஆகவே 1867-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த 'பழைய குடியேறிகள்' ஒவ்வொருவரும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். வழியில் போலீஸ்காரன் கேட்டு, சீட்டு இல்லையென்றால், நாடோடி என்று பிடித்துக் கொண்டுபோய் அடைத்துவிடலாம்.

புகைப்படக் கலையை டாகுவேர் உலகத்துக்கு அறிவித்தது 1839-ல். அப்போது அதற்கு வயது இருபத்தெட்டுதான். ஐரோப்பாவில் பிரபுக்களும் சீமாட்டிகளும் பட்டாடை உடுத்திக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்த காலம். அந்தக் காலத்தில், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய நம் கிராமத்து ஜனங்களைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்திவைத்தார்கள். அரசாங்கம் ஒரு ஜன சமூகம் முழுவதையும் தன் முகத்தைத் தானே சுமந்து திரியும்படி செய்த முதல் காரியங்களில் இது ஒன்று.

கொடுமை மிஞ்சிப்போகவே, அடால்ஃப் த பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் ஒருவர் மனம் பொறாமல், 1871-ல் 9,401 பழைய குடியேறிகளின் பெயரால் ஒரு மனுத் தயாரித்துக் கவர்னரிடம் கொடுத்தார். தோட்ட முதலாளிகள் அவரைத் தீவைவிட்டே துரத்தப் பார்த்தார்கள். ஆனாலும் மறு வருஷமே ராயல் கமிஷன் ஒன்று வந்து விசாரித்தது. 1875-ல் வெளியான அதன் அறிக்கை, சீட்டு முறையையும் கைதுகளையும் கடுமையாகக் கண்டித்தது.

இந்தச் சமயத்தில் பெரிய மனிதர்கள் எப்படிப் பிரயாணம் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களிடம் பாஸ்போர்ட் இருந்தால் அது ஒரு சிபாரிசுக் கடிதம், அவ்வளவுதான். 'இவர் எங்கள் பிரஜை, தடையின்றிப் போக விடுங்கள்' என்று மந்திரி கையெழுத்துப் போட்டிருப்பார். படம் கிடையாது. கனவான் சொன்னால் உலகம் நம்பும் என்று வைத்திருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை முதல் மகாயுத்தம் கெடுத்தது. 1914-ல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய ஒற்றன், சார்லஸ் இங்கிலிஸ் என்ற அமெரிக்கரின் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நுழைந்தான். அந்த பாஸ்போர்ட் கள்ளப் பத்திரம் அல்ல. பெர்லினில் கை மாறிப்போன அசல் பத்திரம். பத்திரம் அசல், ஆள்தான் போலி! லோடி அகப்பட்டு, நவம்பர் 6-ஆம் தேதி லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த டிசம்பரிலேயே அமெரிக்காவும், 1915-ல் பிரிட்டனும் பாஸ்போர்ட்டில் புகைப்படம் கட்டாயம் என்று விதித்தன. ஆரம்பத்தில் அளவு, திட்டம் ஒன்றும் கிடையாது. தொப்பி போட்டுக்கொண்டும், மனைவி மக்களோடு கூட்டமாக நின்றுகொண்டும் எடுத்த படங்களை வெட்டி ஒட்டினார்கள். கூலிக்காரனுக்கு 1867-ல் வந்த விதி, கனவானுக்கு வர ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது. இடையில், 1906-க்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் வசித்த இந்தியர்கள் ஊருக்கு வந்து திரும்ப வேண்டுமானால் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1917-ல் யுத்த கால விதியாகவும், 1920-ல் சட்டமாகவும் பாஸ்போர்ட் வந்தது. ஆயினும் சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போக அது தேவைப்படவில்லை. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இங்கே துறைமுகத்தில் பி.ஐ. கம்பெனிக் கப்பலில் டெக் டிக்கெட் வாங்கி ஏறினால் அங்கே போய் இறங்கலாம். தஞ்சாவூருக்குப் போய் வருகிற மாதிரி. வட்டிக்கடை வைக்கச் செட்டியார் போனார். கணக்கு எழுதப் பிள்ளை போனார். நெல் வயலில் கூலி வேலைக்கு ராமநாதபுரத்து விவசாயி போனார். 1931 ஜனத்தொகைக் கணக்குப்படி ரங்கூன் நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் யாரும் தாம் வெளிநாடு போயிருப்பதாக எண்ணவில்லை.

1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்; எல்லைக்கோடு அவர்கள் கால்களுக்கு இடையே நகர்ந்து போய்விட்டது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியே கால்நடையாக இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். அந்த ஓட்டத்தில் பத்திரங்களைக் கட்டிக் காப்பாற்றியவர் எத்தனை பேர் இருக்க முடியும்?

1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தது. அங்கேயே பல வருஷம் வாழ்ந்த இந்தியர்கள் பர்மியப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. 1942-க்கோ 1948-க்கோ முந்திய பத்து வருஷங்களில் எட்டு வருஷம் அங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். இன்னொரு பக்கம், 1950-ல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சாசனத்தின் 8-ஆவது ஷரத்தின்படி, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டு இந்தியப் பிரஜை ஆகலாம். இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால் எந்தக் கதவு எது என்று தெரியாமல், இரண்டிலும் நுழையாமல் நின்றவர்கள் மிகப் பலர். அவர்களை அந்நியர் என்று பதிவு செய்து, புகைப்படம் ஒட்டிய புத்தகம் கொடுத்தார்கள். வருஷந்தோறும் கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும்.

1962-ல் ஜெனரல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-லும் 1964-லும் கம்பெனிகளும் கடைகளும் தேசியமயமாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பிறகு, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக அகதிகள் வந்து இறங்கினார்கள். ஓரளவுக்கு மேல் பணமோ நகையோ கொண்டுவர அனுமதி இல்லை. மூன்று தலைமுறைச் சம்பாத்தியத்தில் அவர்கள் தடையில்லாமல் கொண்டுவர முடிந்தது, முகமும் அந்த முகத்தின் படம் ஒட்டிய காகிதமும்தான்.

தமிழ்நாட்டுக்கு இப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் இறங்கிய துறைமுகத்தைவிட்டு வெகுதூரம் போகவில்லை. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. வியாசர்பாடியிலும், எண்ணூர், மணலிப் பக்கங்களிலும் குடியிருப்புகள் ஏற்பட்டன. பர்மா நகர் என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. மாலை வேளையில் கடற்கரை இரண்டாவது லைன் தெருவில் அத்தோ கடைகளைச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு, அந்தத் தட்டில் இருப்பது ரங்கூன் தெருவின் ஞாபகம் என்று தெரிந்திருக்க அவசியமில்லை.

பர்மாவில் நேர்ந்தது இலங்கையிலும் நேர்ந்தது. இன்னும் பெரிய அளவில். 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 7 லட்சம் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் வந்த மற்றொரு சட்டம், 1951 ஆகஸ்டு 5-ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. 2,37,034 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்கையில், உரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

மற்றவர்கள் எதில் தவறினார்கள்? முகத்தில் அல்ல. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கிழவியான பெண்ணைத் துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். 1946-க்கு முந்திய ஏழு வருஷம் - மணமாகாதவர்களுக்கும் விதவைகளுக்கும் பத்து வருஷம் - இடைவிடாமல் இலங்கையில் வசித்ததற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்குத் தாயார் சாவுக்கு வந்து கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டால் போயிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கண்டி நகரத்து இந்திய உதவி ஹை கமிஷன் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, பார்த்தறியாத 'தாய்நாட்டுக்கு' ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் துண்டாயின. இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல்தான் ஒரு சட்டத்தின் மூலம் முழுத் தீர்வு வந்தது.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. புகைப்படம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: 'இந்தக் காகிதத்துக்கு உரியவன் இவன்தானா?' ஆனால் குடியுரிமை மனுவில் உண்மையான கேள்வி அது அல்ல. 'இவன் எங்களைச் சேர்ந்தவனா?' என்பதே அங்கே கேள்வி. முதற் கேள்விக்கு மில்லிமீட்டர் கணக்கில் விதி போடலாம். இரண்டாவது கேள்விக்கு அளவுகோல் கிடையாது. அது அந்தந்தக் காலத்து மந்திரிசபையின் மனத்தில் இருக்கிறது. அளக்க முடிந்ததை இவ்வளவு கண்டிப்பாக அளப்பது, அளக்க முடியாததை மறைப்பதற்கோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது.

ஆனாலும் புகைப்படத்தை ஒரேயடியாகப் பழிப்பதும் நியாயம் ஆகாது. எழுதத் தெரியாத ஏழைக்கு அவன் முகமே கையெழுத்து. படம் ஒட்டிய காகிதத்தைத் தரகன் எடுத்து வேறொருவனுக்கு விற்பது எளிதல்ல. 2008 நவம்பரில் பம்பாய்த் தாக்குதல் நடந்தபின், கடல் மீனவர்களுக்கெல்லாம் படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை கொடுக்கத் தீர்மானித்தார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் அட்டை பெற்ற மீனவர், நடுக்கடலில் ரோந்துக் கப்பல் குறுக்கிடும்போது, தாம் இந்த நாட்டு ஆள் என்று காட்டுவது அதைக் கொண்டுதான். அங்கே அந்தப் படம் விலங்கு அல்ல, துணை.

இதே வட்டாரத்தில் இன்னொரு விதமான அட்டையும் உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த அகதிகள் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய அட்டையிலும் முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 1987 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, சலுகை பெறும் நாடுகளின் பட்டியலில் இலங்கை சேரவில்லை. முகம் சரியாக இருக்கிறது. அளவும் சரியாக இருக்கிறது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது மனிதக் கண்ணின் இடத்தை யந்திரம் பிடித்துக்கொண்டு வருகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 1980 முதல், யந்திரம் படிக்கக்கூடிய பாஸ்போர்ட்டுக்கு விதிகள் வகுத்துத் தந்திருக்கிறது. சிரிக்காதே என்று சொல்வதன் காரணமும் இதுதான். சிரித்தால் வாயும் கன்னமும் இடம் மாறும். கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளக்கும் யந்திரம் குழம்பிப் போகும். ஆக, படம் வந்து ஒழித்துவிட்டது என்று நினைத்த அங்க அடையாளக் கணக்கே எண்களாக மறுபடியும் வந்துவிட்டது. கப்பல் குமாஸ்தா தழும்பைப் பார்த்து எழுதினார்; யந்திரம் எலும்பின் அமைப்பைப் பார்த்து எழுதுகிறது.

மொரீஷியஸில், மோகா என்ற ஊரில், மகாத்மா காந்தி நிலையம் இருக்கிறது. பழைய குடியேற்ற இலாகாவின் பதிவேடுகளும் அன்று எடுத்த படங்களும் அங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வந்து, தங்கள் பாட்டன் பாட்டி வந்த கப்பலையும் ஊரையும் தேடுகிறார்கள். மொரீஷியஸின் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாவது தலைமுறை வரையில் 'இந்தியாவின் கடல் கடந்த குடிமகன்' என்ற அட்டை வழங்கலாம் என்று 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதற்கு மனுப் போடுகிறவர் தம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று காட்ட வேண்டும். வேலைக்காரன் தப்பி ஓடிவிடாமல் இருப்பதற்காக எழுதிய பதிவேடு, அவன் சந்ததி திரும்பி வருவதற்கு இன்று சாட்சியாகிறது. தம்முடைய இரண்டங்குலச் சதுரப் படத்தை மனுவோடு சேர்த்து அனுப்பும் அந்தப் பேரனோ பேத்தியோ, பாட்டனின் படத்தையும் ஒரு முறை பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் அதற்குப் பதிவேட்டு நிலையம்கூடத் தேவையில்லை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் இறந்துபோன தாத்தாவுக்கு அரசாங்கம் கேட்டு எடுத்த படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. காரியம் நடக்கிற வீட்டிலிருந்து யாராவது ஒரு பையன் அந்தப் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுகிறான். ஸ்டூடியோக்காரர் முத்திரை விழுந்த மூலையைச் சரிசெய்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுக்கிறார். சிரிக்காத அந்த முகத்துக்கு வீட்டார் சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள்.